கலாமணியின் ஓவனில் வைத்த கத்தி

ஜூன் 9, திங்கள்

கத்தி செய்யத் தொடங்குகிறவன் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று வீடியோவில் வரும் ஆள் சொல்கிறான். என்ன இரும்பு, எவ்வளவு சூடு, எந்த எண்ணெய், எங்கே கெட்டது, எல்லாம். அதனால் மகன் வருடப் பிறப்புக்கு அனுப்பிய இந்த டைரியை இன்றைக்குத்தான் பிரித்தேன். இத்தனை மாதம் சும்மா கிடந்தது. நானும்தான்.

மில்லை மூடிய பிறகு வீட்டில் என் வேலை என்ன என்று எனக்கே தெரியவில்லை. பர்ச்சேஸ் பிரிவில் இருந்தபோது ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். இப்போது தெருமுனைக் கடைக்காரரிடம் புதிதாக வந்த ஒருவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். "கேக் அக்கா வீட்டுக்காரருங்" என்றார் அவர். கலாமணி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். நன்றாகவே விற்கிறாள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் அந்தப் பதில் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒரு வேனின் ஸ்பிரிங் பட்டை வாங்கினேன். கார் விற்றதிலிருந்து ஷெட் காலிதான். இரும்பு வெட்டும் கிரைண்டர், அரம், ஒரு பழைய மேஜை, பிடிப்பதற்கு வைஸ் எல்லாம் அங்கே வைத்தேன். பட்டையை மேஜைமேல் வைத்ததும் கலாமணி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த வயசுல கத்தி செஞ்சு யாரைக் குத்தப் போறீங்க?"

"முதல்ல உன்னையத்தான்."

"அப்ப நல்லாக் கூரா செய்யுங்க, வலிக்காமப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு மாவு சலிக்கப் போய்விட்டாள்.

ஜூன் 14, சனி

பட்டையைக் கரி நெருப்பில் சிவக்கச் சுட்டுச் சாம்பலுக்குள்ளேயே ஆறவிட்டேன். அப்படிச் செய்தால் அறுக்கிற அளவுக்கு இளகும். இளகியது. கிரைண்டரால் வெட்டும்போது தீப்பொறி பறந்து கொடியில் காய்ந்த கலாமணியின் சேலையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெட்டி எடுத்தது கத்தி மாதிரி இல்லை. செருப்பின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. நாள் முழுக்க அரத்தால் தேய்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

வளர்மதி மட்டும்தான் வந்து பார்த்தாள். கேக் வேலைக்குக் கலாமணிக்குத் துணையாகத் தினமும் காலையில் வருகிறவள். டின் கழுவுவது, வெண்ணெய் தடவுவது, பெட்டி மடிப்பது எல்லாம் அவள்தான். நம் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்.

"மீன் வெட்டறதுக்குங்களா, காய்க்குங்களா?" என்று கேட்டாள்.

அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. "ரெண்டுக்கும்" என்றேன்.

"அப்ப முதுகு இன்னுங் கொஞ்சம் வளையட்டுங்ணா" என்றாள். வளைத்தேன். இப்போது பரவாயில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று கத்தியைச் சுட்டு இறுக்கினேன்!

செங்கல் அடுக்கிய அடுப்பு, கரி, காற்றுக்குக் கலாமணியின் பழைய ஹேர் டிரையர். கத்தியைச் சிவக்கவிட்டுக் காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாமல் போகிற சூடுதான் கணக்கு. ஒட்டவில்லை. உடனே எண்ணெயில் முக்கினேன். குப்பென்று தீ எழும்பி என் இடது புருவத்தில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. எண்ணெய், டூவீலர் மெக்கானிக் கீழே ஊற்றுகிற பழைய என்ஜின் ஆயில். சும்மா கொடுத்தார். சமையல் எண்ணெய் போதும் என்று வீடியோக்காரன் சொன்னான். சும்மா கிடைக்கும்போது எதற்கு என்று நினைத்தேன்.

அரத்தை வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. கல் மாதிரி இறுகிவிட்டது. சாயங்காலம் முழுக்கக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நானாக ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

கை தவறிக் கீழே விழுந்தது. கடலை மிட்டாய் உடைகிற மாதிரி இரண்டாகப் போனது.

ஜூன் 22, ஞாயிறு

வீடியோவை மறுபடி பார்த்தேன். நான் பாதியிலேயே எழுந்து போயிருக்கிறேன். இறுக்கியதோடு வேலை முடியாதாம். இறுகிய இரும்புக்குப் பொறுமை கிடையாது, உடைந்துவிடும். அதை மறுபடி இருநூறு டிகிரியில் இரண்டு மணி நேரம் பதமாகச் சுட வேண்டும். நெருப்பில் முடியாது, சூடு ஏறி இறங்கும். வீட்டு ஓவனே போதும் என்கிறான்.

வீட்டில் ஓவன் இருக்கிறது. கேக் விற்ற முதல் காசில் கலாமணி வாங்கியது. அதை அவள் துடைக்கிற விதத்தைப் பார்த்திருக்கிறேன். என் ஸ்கூட்டரை நான் அப்படித் துடைத்ததில்லை.

கேட்டால் வேண்டாம் என்பாள். அதனால் கேட்கவில்லை.

ஜூன் 28, சனி

கலாமணி பொள்ளாச்சிக்குக் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தாள். முதுகுவலி என்று நான் போகவில்லை. இரண்டாவது கத்தியை வியாழனன்றே இறுக்கி வைத்திருந்தேன். துணியால் துடைத்து ஓவனில் வைத்தேன்.

வெளியே எடுத்தபோது வைக்கோல் நிறம்! வீடியோவில் காட்டிய அதே நிறம். தரையில் வேண்டுமென்றே போட்டுப் பார்த்தேன். மறுபடி போட்டேன். டங் டங்கென்று சத்தம்தான், உடையவில்லை. சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.

கொஞ்சம் எண்ணெய் வாடை இருந்தது. ஜன்னலைத் திறந்து, சாம்பிராணி போட்டேன். அவள் வருவதற்குள் போய்விட்டது. ஓவனுக்குள் மூக்கை விட்டும் பார்த்தேன். சாம்பிராணிதான் மணந்தது.

ஜூலை 2, புதன்

கைப்பிடிக்குப் பூவரசு மரம். பக்கத்துத் தெருவில் வெட்டிப்போட்ட கிளையில் எடுத்தது. நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு வரி ஓடுகிறது, அதைப் பார்த்துப் பார்த்தே பாதி நாள் போனது. இரண்டு பித்தளை ஆணி. பிசின் காய வேண்டும்.

கலாமணிக்கு ஒரு ஃபோன். பிஸ்கட்டில் ஏதோ வாடை வருகிறதாம். வெண்ணெய் பழசாக இருக்கும் என்று அவளே சொன்னாள். நானும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

தூறல். பிசின் காயவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மச்சான் ஜெகநாதன் வந்தார். கலாமணியின் தம்பி. எதையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை. நான் மில்லில் இருந்தபோது எனக்கு ஒரு மரியாதை கொடுப்பார். மூடிய பிறகு அந்த மரியாதையில் ஒரு இரக்கமும் கலந்துவிட்டது. இன்று அது இல்லை. கறி வாங்கி வந்திருந்தார், என் கத்தியாலேயே வெட்டினார். எலும்பில் பட்டும் கத்தியின் வாய் மடங்கவில்லை.

"மாமா, கடையில வாங்கறது இதுக்குக் கிட்ட வராதுங். எனக்கு ரெண்டு வேணும். நம்ம பங்காளி ஓட்டல் வெச்சிருக்கறான்ல, அவனுக்கொண்ணு."

கலாமணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "புருவம் போச்சு, சேலை போச்சு, கத்தி மட்டும் நல்லா வந்துருச்சு" என்றாள்.

"முதல்ல செஞ்சது உடைஞ்சுதுன்னீங்க, இது எப்படிங் உடையல?" என்று கேட்டார் மச்சான்.

"மணலைச் சூடு பண்ணி அதுக்குள்ள புதைச்சு வெச்சுருவேன்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த மணல். வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

கலாமணி கோயிலுக்குப் போன நேரத்தில் மச்சானுக்கான இரண்டையும் பதம் பண்ணினேன். இந்தத் தடவை கத்திகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஃபாயிலில் சுற்றித்தான் வைத்தேன். அதற்குமேல் மனிதன் என்ன செய்ய முடியும்?

ஃபாயில் ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் கசிந்திருந்தது. துடைத்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

கலாமணி இன்று சாப்பிடவில்லை.

நாலாவது வீட்டு டீச்சரின் பேரனுக்கு முதல் பிறந்தநாள். இரண்டு அடுக்கு கேக். நேற்று சாயங்காலத்திலிருந்து அதே வேலையாக இருந்தாள். மேலே சர்க்கரையில் ஒரு யானைக்குட்டி, காது மட்டும் மூன்று தடவை செய்தாள். மதியம் கேக் திரும்பி வந்தது. வெட்டிய துண்டோடு. குழந்தைகள் துப்பிவிட்டார்களாம். "மெக்கானிக் கடை நாத்தமடிக்குது கலாமணி" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னாராம்.

அவள் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஓவனைத் திறந்து தலையை உள்ளே விட்டு நின்றாள்.

"ஏனுங்க, நீங்க இதைய ஏதாச்சும் தொட்டீங்களா?"

"நானா? எனக்கு அதை ஆன் பண்ணவே தெரியாதே."

நம்பிவிட்டாள். என் மேல் எப்போதும் எண்ணெய் நாற்றம் இருப்பதால் அது அவளுக்குப் பழகிவிட்டது. நானாக இருக்கும் என்ற பக்கமே அவள் மனசு போகவில்லை.

பிறகு வளர்மதியைக் கூப்பிட்டாள். டீச்சர் வீட்டில் ஒரு தடவை கேஸ் அடுப்புக் கறையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவள் அவள்தான்.

"நம்ம ஓவனையும் அப்படித் தொடச்சியா?"

"இல்லீங்கக்கா. வெறும் ஈரத்துணிங்க்கா."

"பின்ன எங்கிருந்துடீ வருது இந்த நாத்தம்?"

"எனக்குந் தெரியலீங்கக்கா. சத்தியமாத் தெரியலீங்."

நான் ஷெட்டுக்குப் போய்விட்டேன். அரம் போடுகிற வேலை பாக்கி இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் வளர்மதி வந்ததும் கலாமணி சாமி அலமாரிக்கு முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றினாள். "நீ செய்யலைன்னா இதைய அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றாள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் அழுதவள். முகம் வீங்கியிருந்தது. அவள் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து நேராகத் தெரியும்.

வளர்மதி கையைத் துடைத்துக்கொண்டாள். கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். "அந்த ஓவன்ல நான் எதையும் ஊத்தலீங், இது சத்தியம்" என்றாள். கையை உதறவில்லை. அப்படியே மூடிக்கொண்டாள்.

போதும் என்று நினைத்தேன். இதோடு முடிந்துவிடும், யாருக்கும் சேதம் இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதியே ஆக வேண்டும்.

"இந்தக் காலத்துல கற்பூரம் அணைக்கறதுக்கு யாரு பயப்படறாங்க?" என்றாள் கலாமணி. "தப்புப் பண்ணிப்போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன் வளர்மதி. சாமி முன்னாடி பொய் சொல்லீட்டயே. நாளையிலிருந்து நீ வரவேண்டாம்."

வளர்மதி என் பக்கம் திரும்பினாள். வீட்டு ஆம்பிளை ஏதாவது சொல்லுவார் என்று நினைத்திருப்பாள். நான் பேப்பரை மடித்துப் பின் பக்கத்தைத் திருப்பினேன். விளையாட்டுச் செய்தி.

ஜூலை 14, திங்கள்

ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கலாமணி சோடா உப்பு, எலுமிச்சை, வினிகர் என்று எல்லாம் போட்டு ஓவனைத் தேய்க்கிறாள். ஆர்டர் நின்றுவிட்டது. நான் டின் கழுவிக் கொடுக்கிறேன். "வேலையில்லாத நேரத்துல நீங்க இருக்கறது எவ்வளவு ஒத்தாசையா இருக்குது" என்றாள். அடுத்த டின்னை எடுத்துத் தேய்த்தேன்.

பால் பூத்தில் கேள்விப்பட்டேன். கலாமணி தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வளர்மதியைப் பற்றிப் போட்டிருக்கிறாள். யார் வீட்டிலும் இப்படி நடக்க வேண்டாம், பார்த்து இருங்கள் என்கிற மாதிரி. டீச்சர் வீட்டில் அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். இன்னொரு வீட்டில் மாசக் கடைசி வரைக்கும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்ன நடக்கும்? கத்துவாள். கத்தட்டும். அதற்குப் பயமில்லை. மச்சானுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். கேக் அக்கா வீட்டுக்காரர் என்பது போய், கேக்கைக் கெடுத்த வீட்டுக்காரர் ஆகிவிடுவேன். பயம் அதற்குத்தான். இதை எழுதும்போதே முகம் சுடுகிறது.

ஜூலை 24, வியாழன்

எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று நேற்று நினைத்தேன். இன்றைக்கு அதைப் படிக்கிறவன் காறித் துப்புவான்.

தேய்த்துத் தேய்த்து ஓவனில் வாடை போய்விட்டது. சின்னச் சின்ன ஆர்டர் வரத் தொடங்கியிருந்தது. இப்போது நான் மறுபடி ஒரு கத்தியை வைத்து வாடை வந்தால்? வளர்மதிதான் வீட்டிலேயே இல்லையே! அப்படியானால் அவள் இல்லை என்று கலாமணிக்கே புரிந்துவிடும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். ஓவனே சொல்லிவிடும்.

செய்தேன். அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, துடைக்காமலே, எண்ணெயோடு வைத்தேன்.

சாயங்காலம் ஓவனைச் சூடுபண்ணியதும் வாடை வந்தது. வாசல் வரைக்கும் வந்தது. நான் ஹாலில் காத்திருந்தேன். கலாமணி கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தீங்களா? உள்ள எறங்கிப் போச்சுங்க. சூடு பண்ணும்போதெல்லாம் வெளிய வருது. என்னத்தையோ ஊத்தியிருக்கறா பாவி. என் பொழப்புலயே மண்ணைப் போட்டுட்டா."

அந்தச் சமயத்திலும் சொல்லியிருக்கலாம். வாயருகே வந்தது. "வேற ஓவன் வாங்கிக்கலாம் கலா" என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

வளர்மதி வீட்டுக்குப் போனேன். வரதராஜபுரம் தாண்டி உள்ளே, லைன் வீடுகளில் கடைசிக்கு முந்தையது. கையில் ஒரு கத்தி. நான் செய்ததிலேயே நல்ல கத்தி அது. மீன், காய் இரண்டுக்கும். அவளுக்கென்றே முதுகை வளைத்து, வாரம் முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன். எதையாவது கொடுத்தால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவள் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்ணா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது இல்லையா, அதனால் வாசற்படியில் வைத்தேன். "உனக்குத்தான் செஞ்சேன். எடுத்துக்க."

அவள் எடுக்கவில்லை. "எனக்கெதுக்குங்ணா இது?"

"உன் மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும் வளர்மதி."

கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தாள். "உங்களுக்கு எப்படீங்ணா தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? வழியெல்லாம் என்னென்னவோ பேசிப் பார்த்துக்கொண்டு போனவன், இதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு படியில் கிடந்த கத்தியைப் பார்த்தாள். அதன்மேல் இன்னும் எண்ணெய் வாடை அடித்துக்கொண்டிருந்தது.

"நீங்களாங்ணா?"

தலையாட்டினேன்.

"அக்காவுக்குத் தெரியுங்களா?"

"இல்ல. இன்னும் சொல்லல."

"அப்ப எதுக்குங்ணா இங்க வந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். துணியை எடுத்துக்கொண்டு கொடிப் பக்கம் போய்விட்டாள். குனிந்து கத்தியை நானே எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 28, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கலாமணி மிக்ஸியில் சர்க்கரை பொடி செய்துகொண்டிருந்தாள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கினேன். சத்தத்தில் கேட்காமல் போனாலும் போகட்டும் என்றுதான் தொடங்கினேன் போல. அவள் மிக்ஸியை நிறுத்திவிட்டாள்.

"என்னங்?"

எல்லாவற்றையும் சொன்னேன். பொள்ளாச்சிக் கல்யாணம், மச்சானின் கத்திகள், மணல், போன வாரம் வேண்டுமென்றே வைத்தது. அதைக் கேட்டபோதுதான் அவள் கண்ணை மூடினாள்.

கத்தவில்லை. மிக்ஸி மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"கேக்குப் போனாப் போகுதுங்க. ஓவன் போனாலும் போகுது. ஓவன் வேணும்னு கேட்டிருந்தா ஒரு சத்தம் போட்டுப்போட்டுக் குடுத்திருப்பேன். ஆனா அந்தக் கற்பூரத்தை ஏத்துனது நானுங்க. அவ கையைச் சுட்டது நானு. நீங்க அங்க உக்காந்து பார்த்துட்டுத்தான் இருந்தீங்க."

"கலா..."

"அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன். குரூப்புல போட்டேன். என்னைய எவ்வளவு கெட்டவளாக்கி வெச்சிருக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா?"

தெரிகிறது. இதுவரைக்கும் தெரியவில்லை. நான் வளர்மதிக்குச் செய்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டினவளையும் அதில் சேர்த்துவிட்டேன் என்பது இன்று அவள் சொல்லித்தான் உறைத்தது. இருபத்தெட்டு வருஷமாக என்னை நம்புகிறவள். அந்த நம்பிக்கையை வைத்தே அவளை ஏமாற்றியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடினேன், இல்லை.

"குரூப்புல நீங்க எழுதுங்க. உங்க பேர் போட்டு. நான் எழுத மாட்டேன்" என்றாள்.

ஜூலை 29, செவ்வாய்

எழுதினேன். அடித்து அடித்து எழுதினேன். முதலில் 'ஒரு சிறு தவறு நடந்துவிட்டது' என்று வந்தது. கலாமணி வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "தானா நடந்துதுங்களா அது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுதியது: 'ஓவனைக் கெடுத்தது நான். கத்தி சுடுவதற்காக என் மனைவிக்குத் தெரியாமல் அதைப் பயன்படுத்தினேன். வளர்மதி எந்தத் தவறும் செய்யவில்லை. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. குழந்தைவேல்.'

அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் கும்பிடு போடும் கைகள், பூங்கொத்து, கட்டை விரல். 'ஒப்புக்கொள்ள பெரிய மனசு வேணும் சார்.' 'ரியல் ஜென்டில்மேன்.' டீச்சர், 'இந்தக் காலத்தில் இப்படி நேர்மை அபூர்வம்' என்று எழுதியிருந்தார். கடைசி வீட்டு ரிட்டயர்டு இன்ஜினியர், கத்தி விற்பனைக்கு உண்டா என்று கேட்டிருந்தார்.

மேலிருந்து கீழ் வரை தேடினேன். வளர்மதி என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. அவள் அந்தக் குரூப்பில் கிடையாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கலாமணி நேற்று வளர்மதி வீட்டுக்குப் போய் வந்தாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு, "மன்னிப்புக் கேட்டேன். சரிங்கக்கான்னா. வேலைக்கு வர்றியான்னு கேட்டேன், அதுக்குப் பதில் சொல்லல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்களைய ஒருக்கா வரச் சொன்னா" என்றாள்.

கத்தி செய்வதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. நேற்றும் அரம் பிடித்தேன். பதம் பண்ண வழியில்லாமல் இரண்டு கத்தி இறுகிய நிலையிலேயே கிடக்கின்றன. மச்சானிடம் மணல் பொய்யையும் ஃபோனில் சொல்லிவிட்டேன். "அட விடுங் மாமா" என்று சிரித்தார். அவரும் சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. வளர்மதி வீட்டுக்குக் கலாமணி கலந்த சாதம் கட்டிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். கையில் ஒன்றும் இல்லாமல்தான் இந்தத் தடவை போக வேண்டும் என்று தோன்றியது.

மன்னிப்புக் கேட்பது, வேலைக்குக் கூப்பிடுவது, டீச்சர் வீட்டில் நானே பேசி மறுபடி சேர்த்துவிடுவதாகச் சொல்வது. இவ்வளவும் மனசில் வரிசையாக வைத்திருந்தேன். வளர்மதி கதவைத் திறந்ததும், "உள்ள வாங்ணா" என்றாள். போன தடவை சொல்லாத வார்த்தை. கொஞ்சம் தைரியம் வந்தது.

ஒரே அறை. கட்டிலில் அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு மில்லில் ஷிஃப்ட் வேலை, இன்று விடுமுறை. என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியைச் சரிசெய்தார்.

"வாங்க சார். உக்காருங்க. அவ ஏதோ புத்தி கெட்டுச் செஞ்சுபோட்டா. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வளர்மதியைப் பார்த்தேன்.

"அதுக்குத்தானுங்ணா வரச் சொன்னேன்" என்றாள். "நான் செய்யலைன்னு, வேலை போயி வந்த அன்னைக்கே இவருகிட்டச் சொன்னேன். அக்கா வந்துட்டுப் போனதுக்கு அப்பறமும் சொன்னேன். 'பெரிய எடத்துல இருந்து ஏதோ எரக்கப்பட்டுச் சொல்றாங்க, நீ மண்ணெண்ணெய் ஊத்தாமயா அவ்வளவு நாத்தம் வரும்'ங்கறாரு. என் வார்த்தைய நம்பலீங். நீங்க சொல்லுங்."

அவர் சங்கடமாகச் சிரித்தார். "அதெல்லாம் எதுக்கு இப்ப..." என்றார்.

"சொல்லுங்ணா."

"அந்த ஓவனைக் கெடுத்தது நான்தாங்க" என்றேன். டி.வி.யில் விளம்பரம் அலறியது. அவர் காதுக்கு எட்டியிருக்காது. எனக்கே எட்டவில்லை.

வளர்மதி போய் டி.வி.யை அணைத்தாள். திரும்பி வந்து கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள்.

"சத்தமாச் சொல்லுங்ணா."

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும், நடுவில் ஒரே சுவர்தான். அவள் சத்தியம் பண்ணியபோது நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தன் மனைவியின் கையைப் பார்த்தார். குரூப்பில் எழுதியதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரு பெண்ணின் புருஷன் முன்னால் நின்று, அவள் சொன்னது உண்மை என்று நான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொன்னபோது அந்த உண்மை போதவில்லை. நான் சொன்னதும் போதுமானதாகிவிட்டது. என் ஜென்மத்தில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

முடித்தபோது அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அப்படித்தான் நின்றிருந்தேன். வேலை, டீச்சர் வீடு என்று வரிசையாக வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

வளர்மதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரிங்ணா. நீங்க போங்க" என்றாள். "நான் இவருகிட்டப் பேசணும்."